ஓலையில் வாசிக்கப்போகும் பெயர்

அன்புள்ள மகனே,

இந்தக் கடிதத்தின் தலையில் உன் பெயரை எழுதவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஒரு இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ பிறந்த எட்டாம் நாள் கோயிலில் நாங்கள் உனக்கு வைத்த பெயர் ஒன்று. சங்ககிரி லாரிப் பட்டறையில் நீயே உனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஒன்று. இதில் எதை எழுதினாலும் உன்னைக் கேட்காமல் நான் ஒரு முடிவு எடுத்ததாக ஆகிவிடும். அப்படி எடுத்த முடிவுகள் போதும். மகனே என்பதில் நம் இரண்டு பேருக்கும் வழக்கில்லை. அதனால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்க வேண்டும். இங்கே நம் பங்குக் கோயிலிலும், மல்லசமுத்திரத்துப் பக்கம் ரோஸ்மேரியின் பங்குக் கோயிலிலும், மூன்று ஞாயிறு, பூசைக்கு நடுவே, இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் வாசிப்பார். போன வாரம் நீ அம்மாவிடம் சொல்லி அனுப்பியதை அவள் ஒரு சொல் மாறாமல் என்னிடம் சொன்னாள். "லூர்துன்னு வாசிச்சா நான் கோயிலுக்கே வரலீங்கம்மா. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறேன்." எனக்குக் கோபம் வந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை என்று அவனிடம் போய்ச் சொல் என்றேன். உன் அம்மா முறத்தில் இருந்த பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதை நீங்களே எழுதிக் குடுங்க, நான் தூக்கிட்டுப் போகமாட்டேன்" என்றாள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நான்கு நாளாகிவிட்டது. எழுதியது வேறாக வந்திருக்கிறது.

மதியம் மூன்று மணி. ஏற்காட்டு மலைமேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. இங்கே கீழே ஒரு சொட்டு இல்லை. தெரு நெடுகச் சாயம் தோய்த்த நூலைக் காயப்போட்டிருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், மறுபடியும் சிவப்பு. காற்று வந்தால் தெருவே ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புவதுபோல் இருக்கிறது. இந்த வேளையில் ஊர் முழுவதும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். முப்பது வருஷமாக இந்த வேளையில்தான் நான் செய்தி எழுதியிருக்கிறேன். தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் கொடுத்தாக வேண்டும் என்று விரல்கள் ஓடும். இன்றைக்கு விரல்களுக்கு எந்த அவசரமும் இல்லை. கண்ணும் தேய்ந்துவிட்டது. ஒரு வரி எழுதித் தலையைத் தூக்கினால், அடுத்த வரியை எங்கே தொடங்க வேண்டும் என்று தாளில் தேட வேண்டியிருக்கிறது. தேடும்போது பழைய நாட்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மிதந்து வருகின்றன. அவற்றை வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். பட்டறைச் சுவரில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம். உன்னைப் பற்றி நான் எழுதியது அச்சாகி ஊர் ஊராகப் போயிருக்கும்போது, இது மட்டும் ரகசியமாக இருப்பது முறையில்லை.

நீயும் உன் அண்ணன் சேவியரும் சின்னப் பையன்களாக இருந்தபோது, சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால் அரை மணி நேரம் இங்கிலீஷ் என்பது நம் வீட்டு வழக்கம். எழுதிப் பார்க்க வீணாய்ப்போன தந்திப் படிவங்களின் பின்பக்கம். எனக்கு மிகவும் பிடித்த பாடம் டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன். தமிழில் ஒருவனை இன்னொருவனோடு ஒப்பிட வேண்டுமானால் நடுவில் 'விட' என்று வைத்தால் போதும். அவனை விட இவன் வேகம். வேகம் என்ற சொல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை; யாரைப் பக்கத்தில் நிறுத்தினாலும் அது அப்படியே இருக்கும். இங்கிலீஷில் அந்தச் சொல்லே மாறும். ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட் என்று வால் முளைத்து நீளும். சொல் பெரிதாக இருந்தால் வாலுக்குப் பதில் முன்னால் 'மோர்' என்று ஒன்று வந்து நிற்கும். குட் என்பது பெட்டராகும்போது பழைய முகமே இருக்காது. ஒருவன் எப்படி நடக்கிறான், எப்படி எழுதுகிறான் என்பதற்கும் இதே விதிதான். முதல் முறை இதைச் சொல்லிக் கொடுத்தபோது நீ, "பக்கத்துல ஆள் வந்தா வார்த்தை ஏனுங்கப்பா மாறுது?" என்று கேட்டாய். கேள்வி கேட்காமல் எழுது என்றேன். 

உதாரணத்துக்கு ராமு, சோமு என்று நான் எழுதுவதில்லை. அறிந்த பெயராக இருந்தால் மனதில் தங்கும் என்று உங்கள் பெயர்களையே போட்டேன். சேவியர் ஈஸ் டாலர் தேன் லூர்து. அது உண்மை, அவன் உன்னைவிட இரண்டு வயது பெரியவன். லூர்து ஈட்ஸ் மோர் ஸ்லோலி தேன் சேவியர். அதுவும் உண்மைதான். நீ சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாய். இட்லியில் இருக்கும் ஓட்டைகளை எண்ணுகிறாயோ என்று அம்மா கேட்பாள். ஆனால் இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரு கட்டாயம் உண்டு. இரண்டு பேருக்குள் யாரையும் 'எஸ்ட்' என்று சொல்ல முடியாது. அதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தான். அதனால் உன் வகுப்பை உள்ளே கொண்டுவந்தேன். லூர்து ஈஸ் த ஸ்லோயஸ்ட் பாய் இன் த கிளாஸ். பாடம் நிறைவாக வந்தது. ஒரு இலக்கணத் தேவைக்காக உன்னை நாற்பது பையன்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன் என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொழிலில் நான் இந்த 'எஸ்ட்' விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன். ஒரு வருஷம் காவேரியில் வெள்ளம் வந்தபோது, குமாரபாளையம் இதுவரை கண்டிராத பெரிய வெள்ளம் என்று மதராஸில் இருக்கும் நம் இங்கிலீஷ் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தேன். மறுநாளே ஆபீசிலிருந்து பதில் தந்தி வந்தது. எதைவிடப் பெரியது, அளந்தது யார் என்று இரண்டே கேள்வி. அளந்தவர் யாருமில்லை. செய்தியில் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் போட்டார்கள். அன்றிலிருந்து பெரிய, சிறிய, முதல், கடைசி என்று எந்தச் சொல்லையும் அளந்து பார்க்காமல் நான் எழுதியதில்லை. சங்ககிரியில் பருத்தி மூட்டைகள் எரிந்தபோதுகூட, பெரிய தீ என்று எழுதவில்லை. எத்தனை மூட்டை, எத்தனை மணி நேரம் என்று எழுதினேன். இந்த ஜாக்கிரதையை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து, ஆடியில், காவேரி மறுபடியும் நிரம்பி வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. வெள்ளம் பார்க்க வேண்டும் என்று நீ கேட்டதால் உன்னையும் குமாரபாளையத்துக்குக் கூட்டிப்போனேன். உனக்குப் பதினொரு வயது. பவானிப் பாலத்தின் மேல் நின்றோம். ஆறு அன்றைக்குச் சத்தம் போடவில்லை என்பது இப்போதும் நினைவிருக்கிறது. அவ்வளவு அகலமான ஒன்று அவ்வளவு அமைதியாக நகர்ந்ததைப் பார்த்தபோது, நகர்வது பாலம்தான், தண்ணீர் நிற்கிறது என்று தோன்றியது. உனக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். தந்திக் கம்பி அறுந்து கிடந்ததால் அங்கிருந்து செய்தி அனுப்ப வழியில்லை. மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்துச் சேலத்துக்கு வந்தால்தான் உண்டு. அந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் தந்தி ஆபீஸ் மூடிவிட்டார்கள். மறுநாள் வேறொரு பத்திரிகையில் வெள்ளச் செய்தி வந்தது, நம்முடையதில் இல்லை. ஏன் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். சின்னப் பையன் கூட வந்தான், அவன் நடையால் பஸ்ஸைத் தவறவிட்டேன் என்று எழுதினேன். வீட்டிலும் அதையே சொன்னேன். "உன் சின்ன மகன் நடந்த நடைக்கு பஸ்ஸா காத்திருக்கும்?" என்று அம்மாவிடம் நான் சொன்னபோது, நீ தட்டிலிருந்து ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு சாப்பிட்டாய். அன்று சாயங்காலம் படிவத்தின் பின்பக்கம் ஒரு புது வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். லூர்து வாக்ஸ் மோர் ஸ்லோலி தேன் எனிபடி. பத்துத் தடவை எழுதச் சொன்னேன். எழுதினாய்.

சேலத்தில் ஒரு அச்சாபீஸ்காரர், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு இங்கிலீஷ் இலக்கண நோட்ஸ் போட வேண்டும், எளிமையாக எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டது அதற்குப் பிறகுதான். என்னிடம் வாக்கியங்கள் தயாராக இருந்தன. படிவங்களை எடுத்து வரிசைப்படுத்தியதுதான் வேலை. ப்ரூஃப் வந்த அன்று அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாலும் உங்கள் பெயர்களின் எழுத்து தெரியும். "ஏனுங்க, புள்ளைங்க பேரை எதுக்குங்க இதுல போட்டிருக்கீங்க? ஊர்ல வேற பேரா இல்ல?" என்றாள். பிள்ளைகளுக்குப் பெருமைதானே என்றேன். அவள் சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் பழக்கம். நீ அந்தப் பழக்கத்தை ரோஸ்மேரியிடம் தொடங்காதே.

நோட்ஸ் நன்றாகப் போயிற்று. நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போயிற்று. ஒரு நாள் நிலக்கடலை விளைச்சல் பற்றி எழுத மல்லசமுத்திரம் பக்கம் போயிருந்தேன். மதியம். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வேலி ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து பிள்ளைகளின் குரல் வந்தது. வெயிலில் அது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. ஒருவர் சொல்ல, எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். சேவியர் ஈஸ் குயிக்கர் தேன் லூர்து. லூர்து ஈஸ் த ஸ்லோயஸ்ட் பாய் இன் த கிளாஸ். வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன். முன்பின் அறியாத ஊரில், முகம் தெரியாத ஐம்பது பிள்ளைகள் என் மகன்களின் பெயரைப் பாடுகிறார்கள். வேப்பம்பூ சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்: அன்றைக்கு எனக்கு இருந்தது பெருமை. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் நின்ற மதியங்கள் சிலவே.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டின்போது அதைச் சொன்னேன். சேவியர் சிரித்தான். நீ, "எங்க கிளாஸ்லயும் அந்த புக்குதானுங்கப்பா" என்றாய்.

"அப்படியா? வாத்தியார் என்ன சொன்னார்?"

"அந்தப் பாடம் வந்தப்ப என்னையவே எந்திரிச்சு வாசிக்கச் சொன்னாருங்க."

"வாசிச்சயா?"

"வாசிச்சேனுங்க."

"தப்பில்லாம?"

"தப்பில்லாமத்தானுங்க வாசிச்சேன்."

நான் உன் முதுகில் தட்டிக் கொடுத்தேன். ஒரு வாக்கியத்தைத் தப்பில்லாமல் வாசித்ததற்காக. இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதக் கடினமாக இருந்த வரி இதுதான். அந்த முதுகு என் கைக்குக் கீழே எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்று பார்க்கிறேன். வரவில்லை. என் கைதான் நினைவிருக்கிறது.

ஐந்தாம் பாரத்தில், பள்ளிப் படிப்பு முடிய ஒரு வருஷம் இருக்கும்போது, நீ படிப்பை நிறுத்தினாய். படிப்பு ஏறவில்லை என்று ஊருக்குச் சொன்னேன். சங்ககிரிக்குப் போய் லாரிப் பட்டறையில் சேர்ந்துவிட்டாய் என்று அம்மாவுக்கு நீ எழுதிய கார்டில் தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து, லாரிக்காரர்கள் கூட்டம் ஒன்றைப் பற்றி எழுத அங்கே வந்தபோது உன்னைத் தேடினேன். கோட்டை மலைக்குக் கீழே வரிசையாக லாரிகள் நின்றன. ஒரு பட்டறையில் மேஸ்திரி பெரியசாமி உட்கார்ந்திருந்தார்; அவரிடம் லூர்து இருக்கிறானா என்று கேட்டேன். "லூர்துன்னு இங்க யாருமில்லீங்களே" என்றார். பிறகு அவருக்கே ஏதோ நினைவு வந்து, "கிராமர் புக்குல வர்ற லூர்துங்களா? அவன் இன்னும் நடந்து வந்துக்கிட்டிருப்பானுங்க, சாயங்காலம் வந்து பாருங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரியைத் தன் பையன் தினம் கத்திப் படிக்கிறான் என்று அவர் என்னிடம் பிரியமாகச் சொன்னார். அப்போது ஒரு லாரிக்கு அடியிலிருந்து நீ வெளியே வந்தாய். முழங்கை வரை கிரீஸ். "மணி, பெரியவர் யாரையோ தேடறாரு பாரு" என்று அவர் உன்னிடம் சொன்னார். "எங்கப்பாங்க" என்றாய் நீ. பெரியசாமியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, மெல்லக் கீழே இறங்கியது. அவர் எழுந்து எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

டீக்கடையில் உன்னைக் கேட்டேன், இது என்ன பெயர் என்று. "சேர்ந்த மொத நாளே பேரு என்னன்னு கேட்டாங்க. வாயில வந்ததைச் சொல்லிட்டேனுங்கப்பா" என்றாய்.  டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். சேலத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து, பெற்றவன் வைத்த பெயரைத் துடைத்துப் போட்டுவிட்டானே என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த யோசனையிலேயே எட்டு வருஷம் போய்விட்டது.

போன வாரம், ஞானஸ்நானப் பெயர் பற்றிய அந்தக் கடுமையான கடிதத்தை உனக்கு எழுத உட்கார்ந்தபோது, நீ சிறு வயதிலிருந்தே எப்படி என்று சொல்ல வெள்ளத்து நாளைக் குறிப்பிட நினைத்தேன். நாளும் மணியும் சரியாக இருக்க வேண்டும் என்பது என் புத்தி. பரணிலிருந்து பழைய குறிப்பு நோட்டுகளை இறக்கினேன். பாக்கெட் நோட்டு, பென்சில் எழுத்து, மங்கிவிட்டது. ஜன்னலோரம் பிடித்து வாசித்தேன். பாலத்தின் கீழே பரிசல்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். தூணில் எந்தக் கல் வரை தண்ணீர் வந்தது, போன தடவை எந்தக் கல், அவருடைய அப்பா காலத்தில் எந்தக் கல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். மதராஸ் ஆபீசுக்கு இந்த முறை பதில் சொல்லியாக வேண்டும் என்ற ஆத்திரம். அந்தக் குறிப்புகளுக்கு நடுவே, என் கையெழுத்தில், இப்படி இருக்கிறது: மணி மூன்று ஐந்து. பஸ் புறப்படப் போகிறது என்கிறான் லூர்து. இரு என்றேன். அதற்குக் கீழே மூன்று கற்களின் கணக்கு. அதற்குக் கீழே: லூர்து மறுபடியும்.

அவ்வளவுதான். பஸ்ஸைத் தவறவிட்டது நான். நீ இரண்டு முறை வந்து சொல்லியிருக்கிறாய். பென்சிலை வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி எழுதியவன், மறுநாளே வீட்டில் வேறொன்றைச் சொல்லியிருக்கிறான். பிறகு சொன்னதையே நம்பியும் விட்டான். நான் வேண்டுமென்று பொய் சொன்னேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நினைவில்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் நீ அந்தத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாயே, உனக்குத் தெரிந்திருக்கிறது. பதினொரு வயதுப் பையன், உண்மை தெரிந்திருந்தும், பத்துத் தடவை அந்தப் பொய்யைத் தன் கையால் எழுதியிருக்கிறான். பிறகு வகுப்பில் எழுந்து நின்று வாசித்திருக்கிறான். நான் எழுதிய செய்தியில் தவறு வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். இந்தத் தொழிலில் அது ஒரு மானம். இதற்கு மட்டும் பதினைந்து வருஷமாகத் திருத்தம் வரவில்லை.

நேற்று அச்சாபீசுக்குப் போனேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் நோட்ஸை மறுபடியும் அடிக்க எழுத்துக் கோத்து வைத்திருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிடுங்கள் என்றேன். முதலாளி சிரித்தார். "லூர்து இல்லாம இந்தப் புக்கு ஓடாதுங்க. கடையில வந்து பசங்க லூர்து புக்கு குடுங்கன்னுதான் கேக்கறாங்க" என்றார். நான் போகாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்ததும், சரி, வேறு யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். ஒரு கணம் என் பெயரைப் போடச் சொல்லலாமா என்று இருந்தது. அதுவும் ஒரு நாடகமாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். மனிதர்களே வேண்டாம், மலையும் ஆறும் பஸ்ஸும் போதும் என்று அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதிக் கொடுத்தேன். சேர்வராயன் மலை சங்ககிரி மலையை விட உயரம். அதில் இரண்டு மலைக்கும் வருத்தமில்லை. உன் பெயர் இருந்த வரிகளைக் கம்பாசிட்டர் ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டதை நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஏற்கெனவே விற்றுப் போனவற்றை நான் ஒன்றும் செய்ய முடியாது. அவை எத்தனை, எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அதைச் சரிசெய்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லமாட்டேன்.

இந்த இடத்தில் உன்னைப் புகழ்ந்து நாலு வரி எழுதினேன். பட்டறை வேலையோடு லாரியும் ஓட்டத் தொடங்கிய நீ மற்ற டிரைவர்களைவிட நிதானமாக ஓட்டுகிறாய், ஒரு நாளும் வண்டி எங்கும் இடித்ததில்லை என்று உன் முதலாளி ஒரு முறை என்னிடம் சொன்னார். அதைச் சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். எழுதி முடித்து வாசித்தபோது அதிலும் 'விட' இருந்தது. அடித்துவிட்டேன். உன் அண்ணனுக்கும் இந்தச் சொல் நல்லது செய்யவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ரயில்வே பரீட்சையில் முதல் முறை தோற்றபோது அவன் ஒரு வருஷம் அதை என்னிடம் மறைத்தான். குயிக்கர் என்று அச்சில் போட்டவனிடம் எப்படிச் சொல்வான்? நீங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் மாங்காய் வைத்துத் தின்ற பிள்ளைகள். உங்களுக்கு நடுவில் ஒரு சொல்லைக் கொண்டுவந்து உட்கார வைத்தவன் நான்.

கல்யாணம் செய்யப்போகிறவனுக்கு அப்பன் சொல்லும் புத்தி என்று ஏதாவது எழுத வேண்டும் என்றால், என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. ரோஸ்மேரி குழம்பு வைத்தால், உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் சொல். அம்மா வைப்பதுபோல் இல்லை என்று சொல்லத் தோன்றும், தண்ணீர் குடித்துவிடு. நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால், ஒன்று சீக்கிரம் நடக்கும், ஒன்று தாமதமாக நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நீ அந்தப் பிள்ளையைத் தனியாகப் பார். அது எப்படி நடக்கிறது என்று பார். எனக்கு அது தெரியாமல் போயிற்று. பாலத்தின் மேல் நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு கணம்தான், உன்னை யாரோடும் சேர்க்காமல் நான் பார்த்த கணமாக இருக்க வேண்டும். அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது மங்காமல் இருக்கிறது.

இன்று காலையில் பூசை முடிந்து சாமியாரைப் பார்த்தேன். பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதியதை யாரும் மாற்ற முடியாது, அது அங்கேயே இருக்கும் என்றார். ஆனால் ஓலை வாசிப்பது புத்தகத்துக்காக இல்லை, ஜனங்களுக்காக என்றார். இன்னாருக்குக் கல்யாணம் என்றால் இவனா என்று கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் எந்தப் பெயரால் அவனை அறிகிறார்களோ அதை வாசிக்கலாம், இரண்டையும் சேர்த்தும் வாசிக்கலாம், மாப்பிள்ளை கைப்பட எழுதித் தந்தால் போதும் என்றார். இத்தனை சுலபமான ஒன்றுக்கு நான் ஒரு வாரம் உன் அம்மாவை முகம் வாட வைத்திருக்கிறேன்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பா பெயர், அம்மா பெயர், பங்கு, பெண்ணின் பெயர், ஊர், எல்லாம் நிரப்பிவிட்டேன். மாப்பிள்ளை பெயர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. லூர்துசாமி என்று எழுதினாலும், மணி என்று எழுதினாலும், இரண்டையும் எழுதினாலும், நான் ஏன் எது என்று கேட்கமாட்டேன். நான் இத்தனை எழுதிவிட்டதால் பழைய பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உனக்குக் கட்டாயம் இல்லை. நிரப்பி, கூடவே இருக்கும் உறையில் போட்டு ஒட்டிவிடு. உறைமேல் சாமியார் விலாசம் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சேலம் வரும் எந்த வண்டியிலாவது கொடுத்தனுப்பு. என் கைக்கு வர வேண்டாம். நேராகக் கோயிலுக்குப் போகட்டும். இந்த ஊரில் எந்தச் செய்தியையும் மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துகொண்டே பழகியவன் நான். இந்த ஒரு பெயரை மட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில், உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா